பேசக்கூடாத பரீட்சை

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே இருப்பதைச் சுவர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். அந்தப் பக்கம் ஜெயபாலன் அண்ணன் இருமினால், என் மனைவி என்னிடம் வந்து, "தண்ணி குடிங்க" என்பாள். ஆகவே அவர் மகள் சரளா வேலைக்குத் தயாரான கதையை நான் பாதி கண்ணாலும் பாதி காதாலும் அறிவேன். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் மத்தியானம்வரை வீட்டில்தான் இருப்பேன். அந்த நேரத்தில் ஒரு மனிதன் நிம்மதியாகத் தூங்க வேண்டும். தூங்கவிட்டால்தானே.

சரளாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவாள். பாலிடெக்னிக்கில் கணினி படித்தவள், ஈப்போவில் இரும்புச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். கம்பெனி கோலாலம்பூருக்கு மாறியபோது அவளையும் வரச் சொன்னார்கள். அவள் போகவில்லை, அப்பாவை விட்டுவிட்டுப் போக முடியாது. அம்மா காலமாகிவிட்டார். தம்பி சிங்கப்பூரில். ஜெயபாலன் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். கொண்டுபோய் விட்டு, காத்திருந்து, கூட்டிவர வேறு ஆள் இல்லை.

அண்ணன் பிறந்தது செமோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில். அந்தத் தோட்டம் இப்போது வீடுகள் நிறைந்த தாமான் ஆகிவிட்டது. பால்மரம் நின்ற இடத்தில் கார் கழுவுகிறார்கள். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அட்டைக்கடியும் கொசுக்கடியும் போனதே என்பார். அவர் உழைத்ததெல்லாம் சிம்பாங் பூலாயில், கல் உடைக்கும் குவாரியில். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. 'ஒரு ரகசியம்' என்று அவர் ஆரம்பித்தால், எதிர்வீட்டுச் செல்லாயி அக்கா வாசலுக்கு வந்துவிடுவார்.

வீட்டில் இருந்தபடியே பார்க்கிற வேலை வேண்டும். மென்பொருள் எழுதுகிற வேலை என்றால் அப்படிக் கிடைக்கும் என்றாள் சரளா. கிடைக்கும்தான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு பரீட்சை. நேரில் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டில், உங்கள் மடிக்கணினியில், உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் வேலியருகே நின்று எனக்கு விளக்கினாள்.

"அங்கிள், உங்க வேன்ல பிள்ளைங்கள எந்த வரிசையில ஏத்துனா சீக்கிரமா ஸ்கூலுக்குப் போலாம்? அத கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கிற மாதிரி எழுதிக் கொடுக்கணும்."

"அது எனக்கே தெரியும்லா. எதுக்குக் கம்ப்யூட்டர்?"

"உங்களுக்கு இருவது வீடு. இருபதாயிரம் வீடு இருந்தா?"

"இருபதாயிரம் வீட்டுக்கு ஒரு வேன் பத்தாதும்மா."

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று நினைத்திருப்பாள்.

பிறகு தினமும் பயிற்சி. அதற்கென்றே இணையத்தில் கணக்குகள் கொட்டிக் கிடக்கின்றனவாம். கணக்கு என்றால் கூட்டல் கழித்தல் இல்லை. ஒரு கதை சொல்லி, கதையின் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள். விடையை நேராகச் சொல்லக்கூடாது. விடை கண்டுபிடிக்கும் வழியைக் கணினிக்குப் புரியும்படி எழுத வேண்டும். அவர்கள் காட்டுகிற இரண்டு மூன்று உதாரணங்களுக்குச் சரியாக வந்தால் போதாது, காட்டாமல் மறைத்து வைத்திருப்பவற்றுக்கும் சரியாக வரவேண்டும். சரியாக வந்தாலும் மெதுவாக வந்தால் தப்பு. சரியான விடைக்கு எப்படித் தப்புப் போடுவார்கள் என்று நான் கேட்டேன். நேரம் கடந்து பிள்ளைகளை இறக்கினால் உங்களைச் சும்மா விடுவார்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அது எனக்குப் புரிந்தது.

சரளா வாய்விட்டுத்தான் யோசிப்பாள். தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாட்டைக் கோரஸாகக் கத்திப் படித்த வாய், சும்மா இருந்தால் மூளையும் சும்மா இருந்துவிடுமாம். காலையில் நான் கண்ணை மூடினால் சுவர் பேச ஆரம்பிக்கும். "இங்கேருந்து ஆரம்பிக்கிறோம். இது அத விடப் பெருசா? இல்ல. அப்ப விட்டுடு. அடுத்தது வா." கொஞ்ச நேரம் இப்படிப் போகும். பிறகு எங்காவது முட்டிக்கொள்ளும். உடனே, "முருகா, எங்கடா தப்பு?" என்பாள். மேசைக்கு மேலே, இடப்பக்கச் சுவரில் முருகன் படம் மாட்டியிருக்கிறது. அவளுக்கு அவர் சாமி என்பதைவிடக் கூடப்படித்தவர் மாதிரி. திட்டுவாள், கெஞ்சுவாள். வழி கிடைத்துவிட்டால், "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று கோபித்துக்கொள்வாள்.

முதலில் எழுதிய பரீட்சைகள் எல்லாம் ஊற்றிக்கொண்டன. பினாங்குக் கம்பெனி ஒன்று, கோலாலம்பூர்க் கம்பெனிகள் சில. ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி மின்னஞ்சல் வரும், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று. ஒருநாள் அழுதாள், எனக்குக் கேட்டது. மறுநாள் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தை மேசையில் வைத்துக் கொறித்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அவள்மேல் மதிப்பாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சுமப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

கடைசியில் ஒன்று வாய்த்தது. சிங்கப்பூரில் கம்பெனி, ஆள் எங்கிருந்தும் வேலை செய்யலாம், டயாலிசிஸ் நேரத்தில் எழுந்து போய் வந்து மிச்சத்தை அப்புறம் முடிக்கலாம். அவளுக்கென்றே தைத்த சட்டை. பரீட்சையில் எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டாள். ஜெயபாலன் அண்ணன் தெருவுக்கே கேட்கும்படி எனக்குச் சேதி சொன்னார்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. பரீட்சை ரத்து. எழுதியவர் அறையில் இருந்த இன்னொருவருடன் தொடர்ந்து பேசியிருக்கிறார், அவரைப் பெயர் சொல்லி அழைத்து உதவி கேட்டிருக்கிறார், அடிக்கடி இடப்பக்கம் மேலே ஓர் இடத்தையே பார்த்திருக்கிறார். மடிக்கணினியின் கேமராவும் ஒலிவாங்கியும் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தன.

சரளா அந்த மின்னஞ்சலை என்னிடம் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"முருகன் எனக்குச் சொல்லிக் கொடுத்தாருன்னு சொல்றாங்க அங்கிள்."

"ஒரு விதத்துல உண்மதானேம்மா."

"வெளயாடாதீங்க. எல்லாத்தயும் நான்தான் போட்டேன்."

சுவரையும் படத்தையும் புகைப்படம் எடுத்து, அவர் யார் என்று மரியாதையாக விளக்கி எழுதினாள். ஒரு தெய்வத்துக்கு அறிமுகக் கடிதம் எழுதியவள் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். கம்பெனியில் யாரோ நல்ல மனிதர் இருந்திருக்க வேண்டும். இன்னொரு வாய்ப்பு தருகிறோம், அதுவே கடைசி என்று பதில் வந்தது. நிபந்தனைகள் கடுமை. கண் திரையை விட்டு விலகக்கூடாது, பேசக்கூடாது, நாற்காலியை விட்டு எழக்கூடாது, வேறு யாருடைய குரலும் கேட்கக்கூடாது. கேட்டால் அந்த நிமிடமே பரீட்சை மூடிக்கொள்ளும், பிறகு முறையீடு கிடையாது.

அன்றிலிருந்து சரளா பேசாமல் யோசிக்கப் பழகினாள். வாயில் ஓர் உப்புப் பிளம்ஸைப் போட்டு அடக்கிக்கொள்வாள். பேசினால் அது நகரும், நகர்ந்தால் நினைவு வரும். முதல் சில நாள் ஒரு கணக்கும் வரவில்லை. ஊமையாக உட்கார்ந்தால் மண்டைக்குள்ளே யாரோ விளக்கை அணைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு மெல்ல மெல்ல வந்தது. சுவர் அமைதியாயிற்று. எனக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை. என்ன ஆயிற்றோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

அவள் வாயை அடக்கியாயிற்று. தெருவின் வாயை அடக்க வேண்டியது பாக்கி. கோயிலில் ஒலிபெருக்கி வைக்காத நாளாகப் பார்த்து, டயாலிசிஸ் இல்லாத காலையாகப் பார்த்து நாள் குறித்தாள். செல்லாயி அக்கா தன் நாயைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்தார். ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரை முனையிலேயே நிறுத்திவைப்பது என் பொறுப்பு. ஒரு பெண் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு இத்தனை பேர் தேவைப்பட்டோம்.

பெரிய தொல்லை ஜெயபாலன் அண்ணன்தான். ஒத்திகை வைத்துப் பார்த்தாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவள் உட்கார்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம், "சரளா, கேஸ் தீந்துபோச்சி" என்று குரல். மறுநாள், "சரளா, நான் பேசல, நீ எழுது" என்று குரல்.

அன்று அப்பாவிடம் அவள் கோபப்பட்டு நான் முதல்முறையாகக் கேட்டேன்.

"அப்பா, ஒரு வார்த்த கேட்டுச்சின்னா எல்லாம் போச்சி. இதுதான் கடைசி. உங்களுக்கு வெளங்குதா இல்லயா?"

அந்தப் பக்கம் அவர் தொலைக்காட்சியை அணைத்தது கேட்டது.

"ஏதாச்சும் வேணும்னா பக்கத்து வீட்டுத் தர்மேந்திரன் அங்கிளுக்கு மெசேஜ் போடுங்க. என்னைய மட்டும் கூப்புடாதீங்க. என்ன ஆனாலும் சரி."

"சரிம்மா" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசியதை நான் அதுவரை கேட்டதில்லை.

பரீட்சை நாள் வந்தது. ரொட்டிக்காரரை முனையில் மடக்கி, தேவையில்லாமல் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன். வானொலியை அணைத்தேன். மனைவி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். தெரு, சாவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. ஐம்பது வயது ஆள் நான், என் வீட்டுக்குள்ளேயே விரல் நுனியில் நடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் கைப்பேசிக்கு ஜெயபாலன் அண்ணனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அவருக்கு எழுத்து தட்டத் தெரியாது, எதுவானாலும் பேசித்தான் அனுப்புவார். அவர் பதிவைக் காதருகே வைத்துக் கேட்பது ஆபத்து என்பதால் தள்ளிப் பிடித்துக்கொண்டு திறந்தேன். ஒரு வார்த்தையும் இல்லை. மூச்சு விடுகிற சத்தமும் குழாய்த் தண்ணீர் சொட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டன.

பின்சந்து வழியாகப் போனேன். பின்கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார் அண்ணன். டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடதுகையைத் தூக்கிப் பிடித்து, வலதுகையால் துண்டை அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஊசி போட்ட இடம் திறந்துகொண்டுவிட்டது. துண்டு முழுக்க இரத்தம், தரையிலும் இரத்தம். சரளாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அவர் தலையை ஆட்டினார். உதட்டில் விரல் வைக்க அவருக்குக் கை இல்லை. உதட்டைக் குவித்துக் காட்டி, சரளாவின் அறைப்பக்கம் கண்ணைக் காட்டினார்.

அறைக்கதவு நாலு எட்டு தூரம். ஒரு தட்டு தட்டினால் அவள் வந்துவிடுவாள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் அவர் காலால் என் காலை மிதித்தார். பலமாகவே மிதித்தார். முகம் வெளுத்து வேர்த்திருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான் தட்டவில்லை.

இன்னொரு துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினேன். அவரை அணைத்துப் பிடித்து, செருப்புக்கூடப் போடாமல், சந்து வழியாக என் வேனுக்குக் கொண்டுபோனேன். வழியில் அவர் ஒரு முனகல்கூட விடவில்லை. குவாரி முழுவதும் கேட்ட தொண்டை அது. வேன் கதவைச் சாத்தி, முனையைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தர்மா, அவ இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கா, இல்ல?"

"ஆமாண்ணே. நீங்க பேசாம இருங்க."

"நல்லது" என்று சாய்ந்துகொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அழுத்திப் பிடித்து, தையல் போட்டு, இரத்தத்தை நிறுத்தினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த நர்ஸ் மீதியைச் சொல்லவில்லை. ஏன் உடனே ஆளைக் கூப்பிடவில்லை என்று மலாயில் கேட்டார். மகளுக்குப் பரீட்சை என்றார் அண்ணன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

சரளா பரீட்சையை முடித்துவிட்டு, நல்ல சேதி சொல்லக் கதவைத் திறந்திருக்கிறாள். அப்பா இல்லை. குளியலறையில் இரத்தம். அப்பாவின் கைப்பேசி துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் கிடந்தது. தெருவுக்கு ஓடிவந்து, "அப்பா, அப்பா" என்று அவள் கத்திய கத்தலைச் செல்லாயி அக்கா இன்றைக்கும் சொல்லுவார். நான் வண்டி ஓட்டுகிற அவசரத்தில் அவளுக்குச் சேதி அனுப்பவில்லை, அனுப்பினால் பரீட்சை கெடும் என்ற நினைப்பும் இருந்தது. அவள் என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டபோது, "நல்லாருக்காரும்மா, பயப்படாத, பெரிய ஆஸ்பத்திரிக்கு வா" என்று மட்டும் சொன்னேன்.

வந்தாள். கட்டிலருகே நின்று, கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"முடிச்சிட்டியா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஏன்பா கூப்புடல?"

"நீதான் கூப்புடக்கூடாதுன்ன."

"செத்துப்போனாலும் கூப்புட மாட்டீங்களா? யாருக்காக அந்த வேல? உங்களோட இருக்கறதுக்குத்தான அந்த வேல?"

அவர், "எல்லாக் கணக்கும் போட்டுட்டியா?" என்றார். அவள் கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். வார்டில் படுத்திருந்த மற்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவள் அடக்கவில்லை.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்களாச்சும் தட்டியிருக்கலாம்ல அங்கிள்."

"உங்கப்பா வேணாம்னாரு."

"அவரு சொன்னா?"

இன்றைக்கும் யாராவது கேட்டால், அவர் உயிர், அவர் முடிவு என்றுதான் சொல்லுவேன். என் மனைவி அதை ஒத்துக்கொள்வதில்லை. சரளா என்னோடு சில வாரம் பேசவில்லை. வேலியருகே வந்தாலும் துணியைக் காயப்போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

பரீட்சையில் தேறிவிட்டாள். அடுத்தது திரையில் ஆள் முகம் பார்த்துப் பேசுகிற நேர்காணல். அதற்கு அவள் போகவே மாட்டேன் என்றாள். அண்ணன் சாப்பிடாமல் அடம்பிடித்த பிறகுதான் உட்கார்ந்தாள். எதிர்முனையில் இருந்தவரிடம் வணக்கத்துக்கு அடுத்து அவள் சொன்னது இதுதான்: பக்கத்து அறையில் என் அப்பா இருக்கிறார், உடம்புக்கு முடியாதவர், அவர் கூப்பிட்டால் பாதியில் எழுந்து போவேன், அது சரிப்படாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். தாராளமாகப் போங்கள் என்றாராம் அந்த மனிதர். அண்ணன் கூப்பிடவில்லை. வேலை கிடைத்தது.

இப்போது அவள் அந்த அறையில்தான் வேலை செய்கிறாள். கதவைச் சாத்துவதில்லை. இந்தியாக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், சிங்கப்பூர்க்காரர்கள் எல்லாரும் பேசுவது சுவர் வழியாக எனக்குக் கேட்கிறது. கேட்காமல் போனது அண்ணனின் குரல்தான். பரீட்சைக்காகப் பழகிய அமைதி அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தொலைக்காட்சியை ஊமையாக்கிப் பார்க்கிறார். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். என்னிடம் பேசினாலும் கிசுகிசுப்புத்தான். "கூப்புடுங்கப்பா, மீட்டிங் இருந்தாலும் கூப்புடுங்க, ஒண்ணும் ஆவாது" என்று சரளா தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தாள். சரி சரி என்பார். பிறகு, தனக்கு வேண்டியதை எடுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடப்பார். அவள் ஓடிவந்து பிடிப்பாள். ஒருநாள் அவள் வாசலில் வந்து நின்று, என்னோடு பேசாமல் இருந்ததை மறந்து, "நான்தான் அவரு வாய மூடிட்டேன் அங்கிள்" என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். நான் சொன்னது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

போன வாரம் ஒரு காலை. வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சரளா ஏதோ கூட்டத்தில் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"சரளா."

என் கையிலிருந்த குழாய் நழுவிவிட்டது. குவாரிக் குரல், முழுக்குரல். செல்லாயி அக்காவின் நாய் குரைத்தது. ஆங்கிலம் பாதி வாக்கியத்தில் நின்றது, நாற்காலி தடாலென்று சாய்ந்தது, அவள் ஓடிய சத்தம் கேட்டது.

"என்னப்பா? கையா? காட்டுங்க."

"கைக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன என்ன?"

"ஒண்ணுமில்லலா. கூப்புட்டுப் பாத்தேன்."